அச்சுப் பிழையா... அடிபட்ட காசா? ‘எரர் காயின்’ உண்மையா என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

“உங்க வீட்ல இந்த காயின் இருக்கா? அப்போ நீங்க லட்சாதிபதி!” வாட்ஸ்அப்பிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் இப்படி ஒரு வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்த உடனே என்ன நடக்கும்? உண்டியல் உடையும். பாட்டியின் சுருக்குப்பை கவிழும். அதில் கோணலாக, ஓரம் தேய்ந்த ஒரு 1 ரூபாய் கிடைத்துவிட்டால் போதும், “இது எரர் காயின்தான்” என்று வீடே முடிவு செய்துவிடும்.

ஆனால் அப்படிக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை எரர் காயின் அல்ல, அடிபட்ட காசு. பஸ் டயரில் நசுங்கியது, தார்ச் சாலையில் தேய்ந்தது, யாரோ சுத்தியலால் தட்டியது. இதன் மதிப்பு, அதில் எழுதியிருக்கும் 1 ரூபாய்தான். சில நேரம் அதுவும் இல்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் ஒருபக்கம் சேகரிப்பாளர்கள் சேதமான காசை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம், “உங்க காயினை 5 லட்சத்துக்கு வாங்கிக்கிறோம், முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்க” என்று சொல்பவரிடம் சாதாரண மக்கள் பணத்தை இழக்கிறார்கள். சரி, நிஜமான அச்சுப் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

நாணயம் எப்படி உருவாகிறது?

பிழையைப் புரிந்துகொள்ள, முதலில் சரியான நாணயம் எப்படித் தயாராகிறது என்று தெரிய வேண்டும்.

இந்தியாவில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என 4 இடங்களில் மத்திய அரசின் நாணயச் சாலைகள் உள்ளன. பழந்தமிழில் இதற்கு ‘அக்கசாலை’ என்று பெயர். சென்னை ஜார்ஜ் டவுனில் இருக்கும் தங்கசாலை தெருவுக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்த நாணயச் சாலையால்தான்.

பலர் நினைப்பது போல, இன்றைய நாணயம் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது அல்ல. மூன்று படிகளில் அது உருவாகிறது.

முதல் படி, வில்லை. நீளமான உலோகத் தகட்டில் இருந்து வட்ட வட்டமாக வெட்டி எடுக்கிறார்கள், அப்பளம் இட மாவில் வட்டம் வெட்டுவது போல. பிறகு சூடாக்கி மென்மையாக்கி, விளிம்பைக் கொஞ்சம் உயர்த்திவிடுவார்கள். இதில் இன்னும் சிங்கமும் இருக்காது, எண்ணும் இருக்காது.

இரண்டாவது படி, அச்சு. ஆங்கிலத்தில் ‘டை’ என்பார்கள். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. இதில் எழுத்துகள் தலைகீழாகவும் குழிவாகவும் வெட்டப்பட்டிருக்கும்.

மூன்றாவது படி, அடி. இரண்டு அச்சுகளுக்கு நடுவே வில்லை வரும். சுற்றிலும் ‘காலர்’ எனப்படும் ஒரு வளையம், உலோகம் வெளியே பிதுங்காமல் பிடித்துக்கொள்ளும். பல டன் அழுத்தத்தில் ஒரே அடி. கண் இமைப்பதற்குள் வில்லை நாணயமாகிவிடும்.

வில்லை, அச்சு, அடி. இந்த மூன்றில் எந்தப் படியில் தவறு நடந்தாலும் அது அச்சுப் பிழை. நாணயம் இயந்திரத்தை விட்டு வெளியே விழுந்த பிறகு அதற்கு என்ன நடந்தாலும் அது சேதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

கையில் ஒரு வித்தியாசமான காசு கிடைத்தால், “இது எவ்வளவுக்குப் போகும்?” என்று கேட்காதீர்கள். “நாணயச் சாலைக்குள் இது எப்படி நடந்திருக்கும்?” என்று கேளுங்கள்.

பிழைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. அது இயந்திரம் செய்த தவறு என்பதால், எந்தப் படியில், எப்படி நடந்தது என்று விளக்க முடியும். அப்படி ஒரு விளக்கம் கிடைக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் வெளியே பட்ட அடிதான்.

இன்னொரு அடிப்படை விதியும் இருக்கிறது. அச்சில் குழிவாக இருப்பது நாணயத்தில் மேடாக வரும். அச்சில் ஒரு விரிசல் விட்டால், அது நாணயத்தில் மேடான கோடாகத் தெரியும். நாணயத்தின் மேல் ஆணியால் கீறினால் அது பள்ளமான கோடாகத் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்து ‘மேடா, பள்ளமா’ என்று தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வில்லையில் நடக்கும் பிழை: கடித்த பிஸ்கட் போல ஒரு காசு

தகட்டில் இருந்து வில்லைகளை வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே கத்தி மறுபடியும் இறங்கும். அப்போது கிடைக்கும் வில்லையில் ஒரு பக்கம் பிறை வடிவில் குறைந்திருக்கும். அதுதான் ‘கிளிப்’ பிழை.

இதையே ஒருவர் அரத்தால் ராவியும் செய்யலாமே? செய்யலாம். கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, குறைந்த பகுதிக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பு. உண்மையான கிளிப் காசில் அந்த எதிர் விளிம்பு பெரும்பாலும் மங்கலாக, சரியாக எழும்பாமல் இருக்கும். விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில் ஒரு பக்கம் வெற்றிடம் என்றால், எதிர்ப்பக்கம் போதிய அழுத்தம் கிடைக்காது என்பதே காரணம். சேகரிப்பாளர்கள் இதை ‘பிளேக்ஸ்லி விளைவு’ என்கிறார்கள். எல்லா கிளிப்பிலும் இது தெளிவாகத் தெரியாது. ஆனால் தெரிந்தால் அது வலுவான சாட்சி.

இரண்டு, வெட்டுக்கு அருகில் இருக்கும் எழுத்துகள். அடி விழும்போது உலோகம் வெற்றிடத்தை நோக்கி நகரும். அதனால் எழுத்துகள் வெட்டை நெருங்க நெருங்க இழுபட்டு, மெலிந்து மறையும். பின்னால் வெட்டிய காசில் எழுத்து முழு பலத்தோடு வந்து, கத்தி பட்ட இடத்தில் சட்டென்று அறுந்து நிற்கும்.

மூன்று, வெட்டுப்பட்ட ஓரம். அரம் பட்டிருந்தால் இணையான கோடுகளும் புதுப் பளபளப்பும் தெரியும். காசு முழுக்க பழசு, ஓரம் மட்டும் புதுசு என்றால் சந்தேகமே வேண்டாம்.

அச்சில் நடக்கும் பிழை: விரிசல், கட்டி, காணாமல் போன எழுத்து

அச்சு லட்சக்கணக்கான முறை அடிக்கும். அடித்து அடித்து அதில் விரிசல் விடும். அந்த விரிசல் நாணயத்தில் மெல்லிய, மேடான கோடாக, பெரும்பாலும் விளிம்பில் இருந்து உள்நோக்கி ஓடும். அச்சின் ஓரத்தில் ஒரு துண்டே உடைந்து விழுந்துவிட்டால், அந்த இடத்தில் எழுத்துக்குப் பதில் ஒரு வழவழப்பான கட்டி விளிம்போடு ஒட்டி நிற்கும். இதை ‘கட்’ என்கிறார்கள்.

இதை ஈயப்பற்று வைத்துப் போலி செய்பவர்களும் உண்டு. ஆனால் பற்று வைத்த இடத்தில் நிறம் மாறும், சுற்றிலும் ஒரு கோடு தெரியும். உண்மையான கட்டி நாணயத்தின் அதே உலோகம், அதே நிறம்.

அடுத்தது, எழுத்து காணாமல் போவது. அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், அந்த எழுத்தோ எண்ணோ நாணயத்தில் எழும்பாது. ஆண்டின் கடைசி எண் இல்லாத காசு, ‘ரூபாய்’ பாதியாக நிற்கும் காசு எல்லாம் இப்படி வருபவை. இங்கே எழுத்து மங்கி மங்கி மறையும். அதன் இடம் மற்ற தளத்தைப் போலவே இருக்கும். சுரண்டி எடுத்ததாக இருந்தால் அந்த இடம் மட்டும் லேசாகப் பள்ளமாகும், கீறல்கள் இருக்கும், பளபளப்பு வேறாகும்.

எழுத்து இரட்டையாகத் தெரிவது இன்னொரு வகை. இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். அச்சையே தயாரிக்கும்போது உருவம் இரண்டு முறை லேசாக இடம் மாறிப் பதிந்துவிட்டால், அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் ஒரே மாதிரி இரட்டை எழுத்து வரும். இரண்டு எழுத்தும் உருண்டையாக, முழு உயரத்தோடு, மூலைகளில் பிளவோடு தெரியும். இதுதான் மதிப்புள்ள ‘டபுள் டை’.

அடிக்கும்போது அச்சு லேசாக ஆடினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். ஆனால் அது தட்டையாக, படிக்கட்டு போல, எழுத்தின் ஓரத்தைச் சீவித் தள்ளியது மாதிரி இருக்கும். இதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பதில்லை. இரட்டை எழுத்தைப் பார்த்ததும் குதிக்காமல், ‘உருண்டையா, தட்டையா’ என்று பார்க்க வேண்டும்.

அடியில் நடக்கும் பிழை: விலகிய சிங்கம், திரும்பிய பக்கம்

வில்லை சரியான இடத்தில் வந்து உட்காரும் முன்பே அடி விழுந்தால், உருவம் ஒரு பக்கமாக விலகிப் பதியும். மறுபக்கம் பிறை நிலா போல வெறும் உலோகம் தெரியும். இதை ‘ஆஃப் சென்டர்’ என்கிறார்கள். பதிந்த வரை உருவம் கூர்மையாக இருக்கும், பதியாத இடம் வெறுமையாக இருக்கும். சுத்தியலால் அடித்து ஒரு பக்கத்தை மழுக்கிய காசில் அந்த ‘வெறும்’ இடத்தை லென்ஸில் பார்த்தால் பழைய எழுத்தின் நிழல் தெரியும். ஆண்டு தெளிவாகத் தெரியும் ஆஃப் சென்டர் காசுக்கு மவுசு அதிகம்.

காலர் வளையம் இல்லாமல் அடி விழுந்தால், உலோகம் சுற்றிலும் பரவி, காசு வழக்கத்தைவிட அகலமாகும். உருவம் முழுசாக இருக்கும், ஓரத்தில் வரிகள் இருக்காது. ரயில் தண்டவாளத்தில் வைத்த காசும் அகலமாகும்தான். ஆனால் அதில் உருவமும் சேர்ந்து நசுங்கி இழுபட்டிருக்கும். நம்மூரில் ரயில் பாதைக்கு அருகே வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்தக் காசை ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

‘புரோக்கேஜ்’ என்பது இன்னும் சுவாரஸ்யம். அடித்த காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வரும்போது, அச்சுக்குப் பதில் அந்தக் காசே அடிக்கும். விளைவு, ஒரு பக்கம் சரியான உருவம், மறுபக்கம் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைமாறி, பள்ளமாக. அந்தப் பக்கத்தில் வர வேண்டிய வழக்கமான உருவம் இருக்காது.

பின்பக்கம் திரும்பி நிற்பது இன்னொரு வகை. இன்றைய இந்திய நாணயத்தைச் சிங்க முகம் நேராக இருக்கும்படி பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவது போலப் புரட்டினால் பின்பக்கமும் நேராகவே நிற்க வேண்டும். அது சாய்ந்தோ, தலைகீழாகவோ நின்றால் அச்சு சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். லேசான சாய்வு சகஜம், அதற்கு மதிப்பில்லை. ஆனால் இந்தச் சோதனையை அமெரிக்க நாணயத்தில் செய்து ஏமாறக் கூடாது. அங்கே பின்பக்கம் தலைகீழாக வருவதுதான் வழக்கமான அமைப்பு.

சேதம் எப்படி எல்லாம் வேஷம் போடும்?

ஒரு காசு எத்தனையோ கைகள் மாறுகிறது, எத்தனையோ இடங்களில் கிடக்கிறது. இறுதி ஊர்வலத்தில் வீசிய காசு சாலையில் கிடந்து லாரிச் சக்கரத்தில் அரைபடும். அதில் பல திசைகளில் பள்ளமான கீறல்கள் இருக்கும். வாஷிங் மெஷினில் மாட்டி மாதக்கணக்கில் சுற்றிய காசின் விளிம்பு உள்பக்கமாக மடிந்து, ஓரத்து எழுத்தை மூடிவிடும். தீயில் கிடந்த காசில் கொப்புளமும் கருமையும் வரும். அமிலத்தில் போட்ட காசு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெலிந்து, எடை குறைந்து, விளிம்பும் தேய்ந்து நிற்கும்.

செம்பு நிற 1 ரூபாய், தங்க நிற 2 ரூபாய் என்று வருபவை பெரும்பாலும் மேல்பூச்சு பூசியவை. 1992 முதல் வந்த 1 ரூபாய் நாணயங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தத்தில் ஒட்டும். செம்பு நிறக் காசு காந்தத்தில் ஒட்டினால், உள்ளே இருப்பது ஸ்டீல், மேலே இருப்பது பூச்சு. அதே நேரம் பழைய 11 பக்க 2 ரூபாய் காந்தத்தில் ஒட்டாது, அது செம்பு நிக்கல் கலவை. ஒட்டவில்லை என்பதற்காக அதைப் பிழை என்று நினைத்துவிடக் கூடாது.

வேண்டுமென்றே செய்யும் பித்தலாட்டம்

இரண்டு காசுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து பெஞ்சு வைஸில் இறுக்கினால், ஒன்றின் எழுத்து இன்னொன்றில் தலைமாறி, பள்ளமாகப் பதியும். பார்க்க புரோக்கேஜ் மாதிரியே இருக்கும். ஆனால் இதில் பழைய உருவம் நசுங்கிய நிலையில் கீழே அப்படியே இருக்கும். நாணயச் சாலையில் நடந்த பிழை என்றால் அது இருக்காது.

இரண்டு பக்கமும் தலை இருக்கும் காசு ‘ஷோலே’ படத்தில் கதையையே திருப்பும். நிஜத்தில் கிடைப்பது பெரும்பாலும் மேஜிக் கடைப் பொருள். ஒரு காசைக் குடைந்து, இன்னொன்றைத் தேய்த்து அதற்குள் பொருத்தியிருப்பார்கள். விளிம்பின் உள்ஓரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். தட்டினால் ‘ணங்’ என்ற ஓசை வராது.

10 ரூபாயின் இரட்டை உலோக நாணயத்தில்தான் இப்போது அதிக விளையாட்டு நடக்கிறது. நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியைத் தட்டி எடுத்து, திருப்பிப் போட்டு “எரர்” என்று விற்கிறார்கள். இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். உள் வட்டமும் வெளி வளையமும் ஒரே அடியில் இணைகின்றன, அதே அடியில்தான் உருவமும் பதிகிறது. எனவே நடுப்பகுதி நிஜமாகவே விலகி உட்கார்ந்திருந்தால், உருவம் இரண்டு உலோகத்தின் மேலும் தடையில்லாமல் தொடர்ச்சியாக ஓடும். வளையத்தில் ஒரு திசையும் நடுவில் வேறு திசையும் என்றால், அடித்த பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பிழையும் இல்லை, சேதமும் இல்லை: இவை டிசைன்!

சில காசுகள் பிழை போலத் தெரியும். ஆனால் அப்படித்தான் வெளியிடவே செய்தார்கள்.

ஓட்டைக் காலணா இதற்கு நல்ல உதாரணம். 1943 முதல் 1947 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் வெளியான அந்தக் காசின் நடுவில் ஓட்டை இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த ஓட்டை பிழை இல்லை. அதே சமயம், மாலை கோப்பதற்காக யாரோ துளை போட்ட வெள்ளி ரூபாய் சேதம்தான்.

ஆண்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் குறியும் பிழை இல்லை. வைரம் போன்ற குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. எந்தக் குறியும் இல்லை என்றால் கொல்கத்தா. “புள்ளி வெச்ச காயின் லட்ச ரூபாய்” என்று வரும் வீடியோக்களைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். 1985-ஆம் ஆண்டு 1 ரூபாயில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து இருப்பதும் இங்கிலாந்தின் ஹீட்டன் நாணயச் சாலையில் அடித்ததற்கான அடையாளம்தான்.

10 ரூபாயில் ரூபாய்க் குறியீடு இருப்பதும் இல்லாததும்கூட அப்படியே. அதுவரை 14 வடிவமைப்புகளில் 10 ரூபாய் நாணயம் வெளியாகியுள்ளது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. 1995 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்த திருவள்ளுவர் நாணயம், காமராஜர், அண்ணா உருவம் பொறித்த 5 ரூபாய், மாதா வைஷ்ணோ தேவி நாணயம் இவையெல்லாம் நினைவு நாணயங்கள். பிழை நாணயங்கள் அல்ல.

உலகம் முழுக்கப் பேசப்படும் சில நிஜப் பிழைகள்

1955-ல் அமெரிக்காவில் அடித்த 1 சென்ட் நாணயம் ஒன்றில் ஆண்டும் எழுத்தும் பளிச்சென்று இரட்டையாக இருக்கும். அச்சு தயாரிக்கும்போதே நடந்த தவறு. தவறு தெரிவதற்குள் 20,000-க்கும் மேற்பட்ட காசுகள் மற்றவற்றோடு கலந்துவிட, அப்படியே வெளியே விட்டுவிட்டார்கள். லென்ஸ் இல்லாமலேயே தெரியும் பிழை இது.

1943-ல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால், அமெரிக்கா 1 சென்ட்டை துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. இயந்திரத்தில் மிச்சமிருந்த சில பழைய செம்புக் கலவை வில்லைகளும் சேர்ந்து அடிபட்டுவிட்டன. இன்று அவை பெரும் விலைக்குப் போகின்றன. அதனாலேயே எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுபவர்கள் ஏராளம். பிடிக்க ஒரு காந்தம் போதும். 1948 காசில் 8-ஐச் சுரண்டி 3 ஆக்குபவர்களும் உண்டு. அதற்கு லென்ஸ் வேண்டும்.

1937-ல் டென்வரில் அடித்த ‘மூன்று கால் எருமை’ 5 சென்ட் நாணயம் இன்னொரு பாடம். அச்சை அளவுக்கு மேல் தேய்த்துச் சுத்தம் செய்ததில் எருமையின் ஒரு முன்னங்கால் காணாமல் போனது. போலிக்காரர்கள் நான்கு கால் காசில் ஒரு காலைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஆனால் நிஜக் காசில் எருமையின் வயிற்றுக்குக் கீழே மேடான சிறு புள்ளிகள் வரிசையாக இறங்கும். சுரண்டியவரால் உலோகத்தை எடுக்க முடியும், புதிதாக மேடு உண்டாக்குவது சுலபமில்லை.

2008-ல் பிரிட்டனில் 20 பென்ஸ் நாணயத்தின் வடிவமைப்பு மாறியபோது, ஆண்டு பின்பக்கத்தில் இருந்து முன்பக்கத்துக்கு மாறியது. பழைய முன்பக்க அச்சையும் புதிய பின்பக்க அச்சையும் சேர்த்து அடித்துவிட்டதால், ஆண்டே இல்லாத காசு வெளியாகிவிட்டது. இந்த நான்கிலும் ‘எப்படி நடந்தது’ என்பதற்கு நேரான பதில் இருப்பதைக் கவனியுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய 5 சோதனைகள்

1. ஒப்பிடுங்கள்: அதே மதிப்பு, அதே ஆண்டு வரிசையில் ஒரு நல்ல காசைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை என்று நினைத்தது எல்லாக் காசிலும் இருந்தால், அது டிசைன்.

2. எடை போடுங்கள்: இரண்டு தசமம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். 2011-ல் வந்த வரிசையில் 1 ரூபாய் 3.79 கிராம், 2 ரூபாய் 4.85 கிராம், 5 ரூபாய் 6 கிராம், 10 ரூபாய் 7.71 கிராம். 12 பக்க 20 ரூபாய் 8.54 கிராம். சில புள்ளிகள் கூடக் குறைய இருப்பது இயல்பு. நசுங்கிய காசில் எடை பெரும்பாலும் மாறாது, அமிலம் பட்டதிலும் ராவியதிலும் குறையும்.

3. காந்தம் வையுங்கள்: ஸ்டீல் காசா, பூச்சா, வேறு உலோகமா என்பது தெரிந்துவிடும்.

4. லென்ஸில் பாருங்கள்: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கோடு மேடா பள்ளமா, எழுத்து மங்குகிறதா அறுபடுகிறதா, கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்.

5. மறுபக்கத்தைப் பாருங்கள்: ஒரு அடியில் இரண்டு பக்கமும் சேர்ந்தே உருவாகின்றன. ஒரு பக்கம் பெரிய பிழை என்றால் பல நேரம் மறுபக்கத்தில் அதே இடத்தில் பாதிப்பு இருக்கும். ஒரு பக்கம் சிதைந்து, மறுபக்கம் துளியும் மாறாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காசைத் தேய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள். புளி, சாம்பல், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, நாணயத்துக்கு அது சேதம். நிஜமான எரர் காயினாகவே இருந்தாலும் தேய்த்த பிறகு மதிப்பு சரியும்.

நிஜமான எரர் காயின் என்றால் லட்சம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. அடைபட்ட அச்சால் ஒரு எழுத்து குறைந்தது, சின்ன விரிசல் கோடு, லேசான சுழற்சி போன்றவை அடிக்கடி நடக்கும் சிறிய பிழைகள். அவற்றுக்குப் பெரிய விலை இல்லை. பிழை எவ்வளவு பெரியது, எவ்வளவு அரிது, காசு என்ன நிலையில் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறாரா என்பவைதான் விலையை முடிவு செய்யும். பெரிய பிழை என்று தோன்றினால், விற்பதற்கு முன் ஒருவருக்கு மேற்பட்ட அனுபவமுள்ள சேகரிப்பாளர்களிடம் நேரில் காட்டுவது நல்லது. உலக அளவில் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, உண்மையா என்று சான்று கொடுத்து உறையிட்டுத் தருகின்றன. அதற்குக் கட்டணம் உண்டு என்பதால், சாதாரணக் காசுக்கு அந்தச் செலவு வீண்.

“முதல்ல பணம் கட்டுங்க” என்றால் உஷார்!

ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி, பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கட்டணம், கமிஷன், வரி என்று சிலர் பணம் பறிப்பதாக 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. இப்படிப்பட்ட வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை, யாருக்கும் அதற்கு அதிகாரம் கொடுக்கவில்லை என்றும் சொன்னது.

கணக்கு சிம்பிள். உங்கள் காசை வாங்க வருபவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். நீங்கள் அவருக்குத் தர வேண்டிய அவசியம் என்ன? பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, கூரியர் இன்சூரன்ஸ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். ஓடிபி, ஆதார், வங்கி விவரம் எதையும் தர வேண்டாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

இன்னொன்று, “நாமளே ஒரு எரர் காயின் செஞ்சிடலாமே” என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். சிதைக்கப்பட்ட நாணயம் சட்டப்படி செல்லவும் செல்லாது.

கடைசியாக...

அடுத்த முறை உண்டியலில் ஒரு வித்தியாசமான காசு கிடைத்தால், தூக்கி எறியவும் வேண்டாம், துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். ஒரு நல்ல காசு, ஒரு லென்ஸ், ஒரு காந்தம், ஒரு தராசு எடுத்து உட்காருங்கள். ‘வில்லையா, அச்சா, அடியா?’ என்று வரிசையாகக் கேளுங்கள். மூன்றில் ஒன்று பதில் சொன்னால், கையில் இருப்பது நிஜமான பிழையாக இருக்க வாய்ப்பு உண்டு. மூன்றும் பதில் சொல்லவில்லை என்றால், அது எங்கோ சக்கரத்தில் மாட்டிய காசு. டீக்கடையில் வாங்கிக்கொண்டால் உங்கள் அதிர்ஷ்டம்!